சம்பந்தியின் சர்வருக்குக் குடிவர விரும்பி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு, மோட்டார் கடை சம்பந்தி மிகுந்த பணிவுடனும் அதைவிட மிகுந்த கூச்சத்துடனும் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் எழுதிவிட்டு அவளிடம் காட்டினால், "நான் நலமா இல்லையான்னு எங்கிட்ட கேக்காம நீங்களா எப்படி எழுதலாம்?" என்று அதற்கும் ஒரு வழக்குத் தொடுப்பாள். கொஞ்ச காலமாக எங்கள் வீட்டில் பேச்சு என்பதே கேள்வியாகத்தான் நடக்கிறது, அதுவும் பதில் எதிர்பார்க்காத கேள்வி. ஆகவே நான் மட்டும் நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வரியாக, தங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும். அதை எழுத உனக்கென்னய்யா யோக்கியதை இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். இருந்தாலும் ஆவல் இருக்கிறது, சம்பந்தி. தையல் பிரித்தார்களா, மாடிப்படி ஏறலாம் என்றார்களா, உப்பைக் குறைக்கச் சொன்னார்களா, இருமினால் இன்னும் வலிக்கிறதா, எல்லாம் தெரிந்துகொள்ள ஆவலாகத்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டர் சர்வரில் இரண்டு வரி தட்டிவிடாமல் இவன் ஏன் காகிதத்தில் மாரடிக்கிறான் என்று நினைப்பீர்கள். உங்கள் சர்வரின் வாசலில் போய் நின்று பார்த்துவிட்டேன். "புதியவர்கள் இப்போது சேர்க்கப்படுவதில்லை" என்று பலகை தொங்குகிறது. போன் செய்யலாம் என்றால், பல் குடையும் மெஷின் காதோரம் இரைந்து இரைந்து உங்கள் ஒரு காது முழுசாகவும் இன்னொரு காது முக்காலும் போய்விட்டது. நாம் போனில் பேசினால் உங்கள் தெருவும் என் தெருவும் கேட்கும், நாம் இரண்டு பேரும் கேட்க மாட்டோம். அதனால்தானே எழுத்திலேயே பேசிக்கொள்வது என்று நமக்குள் ஏற்பாடு செய்துகொண்டோம். சரி, உங்கள் பிள்ளையும் என் மாப்பிள்ளையுமான அவரைப் பிடித்துத் தூது அனுப்பலாம் என்று பார்த்தால், "நான் ரெண்டு பேருக்கும் மெஷின் வச்சுக் குடுத்தேன். அதோட என் வேலை முடிஞ்சுது. நீங்களே பேசித் தீத்துக்குங்க மாமா" என்று கையை உதறிவிட்டார். ஆகவே காகிதம்.

நடந்தது என்ன என்பது உங்களுக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்த கொஞ்சமும் தப்பாகத் தெரிந்திருக்கிறது. எனவே முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் எழுந்து போய்விடாதீர்கள், அல்லது மெதுவாக எழுந்து போங்கள், நெஞ்சில் தையல் இருக்கிறது.

எங்கள் தெருக்காரர்கள் எல்லாம் முன்பு ஒரு பெரிய கம்பெனியின் வலைத்தளத்தில்தான் குழு வைத்திருந்தோம். யார் வீட்டில் தண்ணீர் வரவில்லை, யார் வண்டி யார் வாசலை மறிக்கிறது என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் எதிர்க்கடை தையற்காரர் தன் கடைக்குப் புதிதாக வாங்கிய பொம்மையைப் படம் எடுத்துப் போட்டார். ரவிக்கை மாட்டிக் காட்டும் பொம்மை, தலை கிடையாது, கை கிடையாது, அன்றைக்கு மேலே துணியும் கிடையாது. அவ்வளவுதான், ஆபாசம் என்று சொல்லிக் குழுவையே இழுத்து மூடிவிட்டார்கள். தையற்காரர் முறையிட்டார். பதில் ஒரு மெஷின் எழுதியது. மறுபடி முறையிட்டார். அதே மெஷின் அதே பதிலை நன்றி சேர்த்து எழுதியது. மனுஷன் நொந்துபோய், "தலையில்லாத பொம்மைக்கு இருக்கற மரியாதை கூட எனக்கு இல்லையா?" என்று என் கடையில் வந்து உட்கார்ந்து கண் கலங்கினார். அப்போதுதான் விடுமுறைக்கு வந்திருந்த மாப்பிள்ளை இந்த யோசனையைச் சொன்னார். ஊர் முழுக்க ஒரே தொட்டியை நம்பினால் குழாயை மூடுவது ஒருத்தன் கையில் இருக்கும், தெருவுக்குத் தெரு சொந்தக் கிணறு வெட்டிக்கொள்ளுங்கள், கிணற்றுக்குக் கிணறு குழாய் போட்டு இணைத்துக்கொள்ளலாம், ஒருவர் கிணறு இன்னொருவருக்கு அடிமை இல்லை என்றார். மோட்டார் காயில் கட்டிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? உடனே பிடித்துக்கொண்டேன். என் கடை அலமாரியில், வார்னிஷ் டப்பாவுக்கும் பழைய பேரிங்குகளுக்கும் நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உட்கார்ந்தது. அதுதான் எங்கள் தெருவின் சர்வர். உங்கள் கிளினிக் மாடியில் உங்களுக்கும் அதே போல ஒன்று வைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டுக்கும் குழாய் போட்டுவிட்டுப் போனார். ஓய்வு பெற்ற அப்பாவுக்கும் ஓய்வே இல்லாத மாமாவுக்கும் பொழுது போகட்டும் என்று அந்தப் பிள்ளை நல்ல மனசோடுதான் செய்தது.

பொழுது போயிற்றே, சம்பந்தி! அதை நான் மறக்கவே மாட்டேன். கல்யாணத்தில் நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது மொத்தமே, சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன் என்பதுதான். பெண்ணைக் கொடுத்தவன் என்று நான் பயந்து பயந்து நின்றேன். பிள்ளையைப் பெற்றவர் என்று நீங்கள் விறைத்துக்கொண்டு நின்றீர்கள். சர்வர் வந்த பிறகல்லவா நீங்கள் இப்படிப்பட்ட மனிதர் என்றே எனக்குத் தெரிந்தது? காலையில் கடை திறந்ததும் முதலில் பார்ப்பது உங்கள் எழுத்தைத்தான். மழைக்குக் கறுத்த மேகம் முதல் மருமகள் அனுப்பிய சட்டையின் அளவு வரை எழுதுவீர்கள். நானும் எரிந்துபோன காயிலைப் பிரித்துக்கொண்டே பதில் எழுதுவேன். இந்த வயதில் எனக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார் என்று வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொள்வேன். "சிநேகிதர் இல்ல, சம்பந்தி. அளவோட இருங்க" என்பாள் அவள். அளவோடு இருந்திருக்க வேண்டியது நான் இல்லை, எங்கள் தெரு.

நாங்களே ஆளும் இடம் என்றால் சட்டம் வேண்டும் அல்லவா? அரசாங்க ஆபீஸில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் எங்கள் கோடி வீட்டில் இருக்கிறார், கிளார்க்கம்மா என்றால் தெருவே எழுந்து நிற்கும். அவர்தான் எழுதிக் கொடுத்தார். எல்லாம் ஓட்டு. யாரும் யாருக்கும் மேல் இல்லை. அட்மின் என்பவர் ஓட்டு என்ன சொல்கிறதோ அதைச் செய்கிற வேலைக்காரர், அவ்வளவே. ஓட்டு சமமாக விழுந்தால் மட்டும் அட்மின் ஒரு ஓட்டுப் போடலாம். அட்மின் நான்தான். கம்ப்யூட்டர் என் அலமாரியில் இருக்கிறது, கரண்ட் பில் என் தலையில் இருக்கிறது, வேறு யாரைப் போடுவார்கள்? உங்கள் சர்வரில் இந்தத் தொல்லையே இல்லை. நீங்கள் சொன்னதுதான் சட்டம், நீங்கள் தூங்கினால் சட்டமும் தூங்கும். அதை நான் முன்பு கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது பொறாமையாக இருக்கிறது.

இனிமேல் எழுதப்போவதைப் படிக்கும்போது தயவுசெய்து கோபத்தை அடக்கிக்கொள்ளுங்கள், டாக்டர் சொல்லியிருப்பார். காலமெல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகிய பல் டாக்டர் நீங்கள். எதிர்ப்பேச்சு என்பதையே கேட்டதில்லை. அதனால் எங்கள் தெருவின் ஒவ்வொரு படத்துக்கும் கீழே வந்து மனதில் பட்டதைச் சொன்னீர்கள். தையற்காரர் தன் பேத்தியோடு சிரித்து நிற்கும் படத்துக்கு, "குழந்தை அழகு. தாத்தாவுக்குக் கீழ் வரிசை இடது பக்கம் ஆடுகிறது போலிருக்கிறதே, கவனிக்கவும்" என்று எழுதினீர்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒருவரும் சிரித்துக்கொண்டு படம் எடுப்பதில்லை. எல்லாரும் உதட்டை இறுக்கிக்கொண்டு போலீஸ் தேடுகிறவர்கள் மாதிரி நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் கடையில் புதிதாக வந்த இருமல் மிட்டாயைப் போட்டால், "இதைத் தின்றால் இருமல் நிற்கும், பல் நிற்காது" என்றீர்கள். உண்மையாகவே இருக்கலாம், சம்பந்தி. ஆனால் அவரிடம் அந்த மிட்டாய் மூட்டை மூட்டையாக இருந்தது.

மருந்துக்கடைக்காரர்தான் தீர்மானம் கொண்டுவந்தார். தையற்காரர் கடையில் கூட்டம். தைத்து முடியாத துணிகளைத் தள்ளிவிட்டு ஆளாளுக்கு உட்கார்ந்தோம். "அந்த டாக்டர் ஒருத்தரை மட்டும் வாயடைச்சா போதும்" என்றார் அவர். கிளார்க்கம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ கஷ்டகாலம் என்று அர்த்தம். "தனி ஆள் மேல நடவடிக்கை எடுக்க முடியாது. அவர் நம்ம உறுப்பினர் இல்ல. உறுப்பினர் இல்லாதவரை விசாரிக்க நமக்கு அதிகாரம் கிடையாது. விசாரிக்காம தண்டிச்சா அது அநியாயம்" என்றார். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள், "ஆனா சர்வரையே மொத்தமா வெட்டிவிடலாம். சர்வர் மனுஷன் இல்லையே, அதுக்கு விசாரணை தேவையில்ல" என்றார். நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று முயற்சி செய்து செய்தே நாங்கள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு மனிதரின் பேச்சை நிறுத்த மனசில்லாமல் ஒரு தெருவையே நிறுத்தினோம்.

ஓட்டு பாதிக்குப் பாதி விழுந்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வீட்டுக்காரி பின்னால் நின்று முதுகில் விரலால் குத்தினாள். "வேணாம். ஓட்டு வேற, உறவு வேற. நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிப்பீங்க?" என்றாள். நான் எழுந்து நின்று, "பதவியில இருக்கறவன் உறவு பாக்கக் கூடாது" என்று கணீரென்று சொன்னேன். கை தட்டினார்கள், சம்பந்தி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதவியாவது மண்ணாங்கட்டியாவது. அந்த வாரம்தான் என் கடைக்குப் புது போர்டு மாட்டி அதன் கீழே நின்று படம் போட்டிருந்தேன். அதற்கு நீங்கள், "போர்டு பிரமாதம் சம்பந்தி. மேல் வரிசையில் அந்த இரண்டாவது பல்லுக்கும் ஒரு கவர் போட்டுவிட்டால் கடைக்கு முகப்பு முழுமையாகும்" என்று எழுதினீர்கள். எங்கள் தெரு முழுக்க அதற்குச் சிரித்தது, உதட்டை இறுக்கிக்கொண்டவர்கள் கூட அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார்கள். ரிப்பேருக்கு மோட்டார் கொடுத்துவிட்டுப் போகிற கொத்தனார் கூட என் வாயையே பார்த்துப் பேசினார். அந்தக் கடுப்பில்தான் ஓட்டுப் போட்டேன். ஜனநாயகம் என்று உங்களிடம் பீற்றிக்கொள்ளலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், முடியவில்லை. பல்லுக்காக ஓட்டுப் போட்டேன். அவ்வளவு சின்னப் புத்தி.

அதற்குமேல் செய்ததுதான் மோட்டார்காரன் புத்தி. எங்கள் தொழிலில் ஒருவழி வால்வு என்று ஒன்று உண்டு. அதைக் குழாயில் போட்டால் தண்ணீர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கமிருந்து திரும்பி வராது. சர்வரில் வெட்டுவதும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். உங்கள் எழுத்து இங்கே வராது, ஆனால் என் எழுத்து உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும் என்று யாரையும் கேட்காமல் நானே முடிவு கட்டினேன். வெட்டிய கையோடு உங்களுக்குத் தனியாக எழுதினேன். "சம்பந்தி, தெரு ஓட்டுப் போட்டு இப்படி ஆகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் எழுதுவது இனி எனக்கு வராது, அதனால் ஏதாவது என்றால் நேரில் வாருங்கள்" என்று எழுதினேன். மறுநாள், "வீட்டுக்கு வாருங்கள், டீ குடிக்கலாம்" என்று எழுதினேன். அப்புறம் தினமும் ஒன்று. போய்ச் சேர்ந்தது என்றுதான் அந்தப் பாழாய்ப்போன மெஷின் காட்டியது. எங்கே போய்ச் சேர்ந்தது என்று அது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெட்டினால் இரண்டு பக்கமும் அடைந்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீங்கள் வரவில்லை. இவ்வளவு எழுதியும் ஒரு மனிதருக்கு இத்தனை ரோஷமா என்று எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. கடைசியாக, "வராவிட்டால் போங்கள், எனக்கும் வேலை இருக்கிறது" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அது ஒன்றாவது உங்களுக்கு வராமல் போனதே என்று இப்போது நினைக்கிறேன்.

ஒன்றும் தெரியாமல் நான் இங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காயில் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் பெண் போன் செய்தாள். எடுத்ததும் எப்போதும் போல, "மாப்பிள்ளை சௌக்கியமா?" என்றேன். "அப்பா, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்றாள். "எங்க யார்கிட்டயும் சொல்லாம மாமா உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காரு. நாங்க ஆபரேஷன் முடிஞ்சப்புறம் கேள்விப்பட்டு ஓடி வந்தோம். நீங்க பக்கத்துலயே இருந்துக்கிட்டு எட்டிக்கூடப் பாக்கலையாமே!" என்றாள். பிறகு நீங்கள் எனக்கு எழுதியதை உங்கள் போனிலிருந்தே படித்துக் காட்டினாள். "சம்பந்தி, நாளைக்குக் காலையில நெஞ்சுல ஆபரேஷன். பசங்ககிட்ட சொல்லல, பதறிப்போயிடுவாங்க. அவ தனியா உக்காந்திருப்பா. நீங்க ரெண்டு பேரும் வந்தா அவளுக்குத் தெம்பா இருக்கும். எனக்கும்தான்." அந்தக் கடைசி வார்த்தையை அவள் இரண்டு தடவை படித்தாள். நான் ஏதோ வால்வு, ஒருவழி என்று உளறினேன். "என்னப்பா சொல்றீங்க?" என்றாள். எனக்கே தெரியவில்லை என்னத்தைச் சொல்கிறேன் என்று. அன்றைக்கு ஒரு மோட்டாருக்குத் தப்பாகக் கனெக்ஷன் கொடுத்துப் புகைய விட்டேன். இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

அன்று சாயங்காலமே நாங்கள் இருவரும் ஆரஞ்சுப் பழப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தோம், அது உங்களுக்குத் தெரியும். சம்பந்தியம்மா கதவைப் பாதி திறந்தார். "தூங்குறாரு" என்றார். அவர் தோளுக்குப் பின்னால் டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, முக்காலி மேல் நீட்டியிருந்த உங்கள் கால் அதற்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தூங்குகிறவர் கால் இவ்வளவு சரியாகத் தாளம் போடாது என்று எனக்குத் தெரியும். சம்பந்தியம்மா பையை வாங்கிக்கொண்டார். பிறகு என் வீட்டுக்காரியைப் பார்த்து, கோபமே இல்லாமல், "ஆஸ்பத்திரியில லிப்ட் கதவு திறக்கறப்பல்லாம் நீங்க ரெண்டு பேரும்தான் வர்றீங்கன்னு எந்திரிச்சு எந்திரிச்சு பாத்தேன்" என்றார். கதவைச் சாத்தினார். அவர் நாலு திட்டு திட்டியிருக்கலாம், சம்பந்தி. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என் வீட்டுக்காரி, "கை தட்டினாங்களே, நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் கூட்டம் கூட்டினேன். உங்கள் சர்வரோடு மறுபடி குழாயை இணைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தையற்காரர் கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டே வந்திருந்தார், அந்தக் கீழ் வரிசை இடது பக்கம்தான். "டாக்டர் அன்னிக்கே சொன்னாரு" என்று முனகினார். மருந்துக்கடைக்காரர் கூட, "அவர் இல்லாம போட்டதுக்கு யாரும் ஒண்ணுமே சொல்லமாட்டேங்கறாங்க, சப்புன்னு இருக்கு" என்றார். உண்மைதான், நீங்கள் போன பிறகு எங்கள் சர்வரில் தண்ணீர் லாரி வரும் நேரத்தைத் தவிர வேறு செய்தியே இல்லை. எல்லாம் கூடி வந்தது என்று நான் நினைத்தபோது கிளார்க்கம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வெட்டின சர்வர் தானா விண்ணப்பம் போடணும். அதுவும் சர்வர் வழியாத்தான் போடணும். சட்டத்துல இருக்கு" என்றார். "அம்மா, வெட்டியாச்சு. அங்கேருந்து எதுவுமே வராது. விண்ணப்பம் மட்டும் எப்படிம்மா வரும்?" என்றேன். "அது அவங்க பிரச்னை" என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "சுவிட்சு என் கையில இருக்கு. ஒரு அமுக்கு அமுக்கினா இணைஞ்சுடும். யாரைக் கேக்கணும்?" என்று கத்தினேன். அந்த அம்மா பதறவில்லை. "அமுக்குங்க. அப்புறம் உங்களுக்கும் அந்தக் கம்பெனிக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்.

கை அப்படியே நின்றுவிட்டது, சம்பந்தி. அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன், வார்னிஷ் நாற்றத்தில் கண் எரிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அமுக்கியிருந்தால் உங்கள் எழுத்தெல்லாம் அன்றைக்கே வந்திருக்கும். ஆனால் இன்றைக்கு நல்லதுக்கு அமுக்குகிறவன் நாளைக்கு ஒரு பல்லுக்காகவும் அமுக்குவான். அந்த ஆசாமி யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் அவனுக்குத்தான் முகம் மழிக்கிறேன். எனவே அமுக்கவில்லை. அட்மின் பதவியைத் தையற்காரர் தலையில் கட்டிவிட்டு, உறுப்பினர் பதவியையும் ராஜினாமா செய்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன். "மாமா, இந்த மாதிரி சர்வர்ல வசதியே, ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்கு மூட்டை முடிச்சோட மாறிக்கலாம்கறதுதான். ஆனா முதல்ல அங்க எடம் பிடிச்சுட்டு அப்புறம்தான் இங்க காலி பண்ணணும்" என்றார். நான் காலி செய்துவிட்டேனே! எழுதியது, படம், நாம் பேசிக்கொண்டது எல்லாம் போயிற்று. இப்போது என் கடை, என் அலமாரி, என் கரண்ட், உள்ளே எனக்கு மட்டும் இடம் இல்லை. துடைக்க மட்டும் விடுகிறார்கள்.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெரு உங்களைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் நான் உங்கள் தெருவுக்கு வந்துவிடுகிறேன். உங்கள் சர்வரில் எனக்கு ஓர் ஓரமாக இடம் கொடுங்கள். ஓட்டு கேட்க மாட்டேன், சட்டம் கேட்க மாட்டேன். நீங்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு கிடப்பேன். என் படத்துக்குக் கீழே எந்தப் பல்லைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம், மேல் வரிசை, கீழ் வரிசை, கடைவாய் எல்லாம் உங்களுக்கே எழுதி வைக்கிறேன். அந்த இரண்டாவது பல்லுக்குக் கவரும் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் எழுந்து நடமாடியதும் உங்கள் கையாலேயே போட வேண்டும். கோபத்தில் கொஞ்சம் அழுத்திப் போட்டாலும் கத்த மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாசல் பலகையை மட்டும் ஒரு நாள் கழற்றி வையுங்கள், நான் புரிந்துகொள்வேன். உங்களுக்குத் தெம்பு வேண்டியிருந்த அன்றைக்கு என்னைத்தான் நினைத்தீர்கள் என்பதே எனக்குத் தாங்கவில்லை, சம்பந்தி. அதை நினைத்தால் வேலை ஓடவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும், என்னுடைய தனி வணக்கத்தையும் சொல்லவும். உங்கள் நெஞ்சு, கழற்றிப் பூட்டி ஓவராயில் முடித்த மோட்டார் போலச் சத்தம் போடாமல் நெடுங்காலம் ஓடவும், வீட்டில் எல்லாச் சுகங்களும் நிறையவும் மனதாரப் பிரார்த்திக்கிறேன். பிழை பொறுத்தருள்க. பிழை என்று நான் சொல்வது எழுத்துப் பிழையை அல்ல.

இப்படிக்கு,
தங்கள் வாசலில் நிற்கும்,
மோட்டார் கடை சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையையும் தயவுசெய்து தள்ளிவிடுங்கள். கடிதத்தைப் போடக் கவரைத் தேடிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரி வந்து தன் போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். எங்கள் தெரு சர்வரின் வாசலுக்கே நேராகப் புது உறுப்பினர் விண்ணப்பம் ஒன்று வந்திருக்கிறதாம். பெயர் என்ற இடத்தில் "பழைய பல் டாக்டர்" என்று இருந்தது. ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற இடத்தில், "குழாயை வெட்டினதும் இங்கே இருந்தவங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. இப்ப எங்க சர்வர்ல நான் ஒருத்தன்தான், என்னைத் திட்டக்கூட ஆளில்ல. இன்னியோட இழுத்து மூடப்போறேன்" என்று இருந்தது. உங்களுக்கு ஜாமீன் சொல்லக்கூடியவராக இங்கே யாரைத் தெரியும் என்ற இடத்தில், "மோட்டார் கடைக்காரரைத் தெரியும். என் சம்பந்தி. அவருக்கு என் மேல ஏதோ கோபம். ஆனா என்னைத் தெரியாதுன்னு சொல்லமாட்டார்" என்று இருந்தது. நான் ஜாமீன் போட ஓடினேன். ஜாமீன் போடுகிறவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று கிளார்க்கம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஆகவே என் வீட்டுக்காரி போட்டாள், ஓட்டு ஒன்று கூட எதிராக விழவில்லை, நீங்கள் எங்கள் தெருக்காரர் ஆகிவிட்டீர்கள். நானும் உடனே புதிதாக ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு அவளிடம் ஜாமீனுக்குப் போனேன். "ஒரு ஆள் ஒருத்தருக்குத்தான் போடலாமாம். போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனவே உங்கள் சர்வரில் எனக்கு இடம் வேண்டாம், அதைத்தான் மூடிவிட்டீர்களே. எங்கள் சர்வரில் எனக்கு ஒரு ஜாமீன் வேண்டும். அந்தக் கேள்விக்கு உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். அவருக்கு என் மேல் கோபம், ஆனால் என்னைத் தெரியாது என்று சொல்ல மாட்டார் என்று, நீங்கள் எழுதியதையே பார்த்து எழுதிவிட்டேன்.